வலி நின்ற ஞாயிற்றுக்கிழமை

சபையார் எல்லோருக்கும் என் தோத்திரம். என் பெயர் தானியேல். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவன். என் வலது கையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதே கையைப் பற்றி நான் முன்பு ஒரு தடவை ஆராதனையில் நின்று சாட்சி சொன்னதைப் பழைய ஆட்கள் கேட்டிருப்பீர்கள். அன்றைக்குக் கை தட்டியவர்களும் உண்டு. அந்தச் சாட்சி தப்பு. அடுத்த வாரமே அதைத் திருத்திச் சொன்னேன். ஆனால் அன்று வராதவர்கள் இன்னும் பழையதையே போகிற ஊரிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கிறேன்.

1972-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் தீபாவளி நெருக்கம் என்றால் தறிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அவர்களுக்கு நூல் கொடுக்கிற எங்களுக்கு அதற்கும் மேலே. பட்டறையில் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டு நூல் சிட்டங்களை, அதாவது நூல் கற்றைகளை, கழியில் மாட்டி, கொதிக்கிற சாய அண்டாவில் இறக்கி, இரண்டு கையாலும் திருப்பித் திருப்பி விட வேண்டும். நிறம் பிடித்ததும் எடுத்து அலசி, தூணில் அடித்திருக்கிற முளையில் மாட்டி, மறுமுனையில் ஒரு தடியைக் கொடுத்து முறுக்கிப் பிழிய வேண்டும். முழு பலமும் மணிக்கட்டிலும் முழங்கையிலும்தான் இறங்கும். நான் பதினாறு வயதில் இந்த வேலைக்கு வந்தவன். என் அப்பா தாமல் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

சாயக்காரன் கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. நகக்கண்ணில் ஏறியது போக ஒரு மாதம் ஆகும். என் மனைவி எஸ்தர், "உங்க கையப் பாத்தே ஊருல யாரு பொண்ணுக்கு இன்னா கலர்ல பொடவைன்னு சொல்லிடலாம்" என்று கேலி செய்வாள். இந்தக் கேலியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை, பிற்பகல். அரக்குச் சாயம் ஏற்றிய சிட்டத்தை முளையில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த முளை ஒரு வாரமாகவே ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கு அடித்துக்கொள்ளலாம், நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான். கடைசி முறுக்கில் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். பின்பக்கமாகச் சாய்ந்து, வலது கையை ஊன்றி விழுந்தேன். உள்ளே 'மளுக்' என்றது எனக்கே கேட்டது. எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டு, காம்பு வளைந்த அகப்பை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

கூட வேலை செய்கிற முனுசாமிதான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். முனுசாமி திருப்பருத்திக்குன்றத்து ஆள். கொஞ்சம் நிலமும் உண்டு, விவசாயமும் பார்ப்பான், பட்டறைக்கும் வருவான். நம்முடைய சபையைச் சேர்ந்தவன் இல்லை. அவன் குலதெய்வம் வேறு, கும்பிடு வேறு. பத்து வருஷமாக ஒரே அண்டாவில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்கிறோம், அவ்வளவுதான்.

எஸ்தர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டால் ஒன்றரை மாதம் அசைய முடியாது, கட்டு வைத்தியரிடம் போனால் இருபது நாளில் அவிழ்த்துவிடுவார் என்று ஊரில் பேச்சு. தீபாவளி வேலையை விட எனக்கு மனசில்லை. சனிக்கிழமை விடிந்ததும் முனுசாமி சைக்கிளில் உட்கார வைத்து, வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கிராமத்து வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். பதமாகத்தான் பார்த்தார். ஒரு ஆளை முழங்கையைப் பிடிக்கச் சொல்லி, என் கையை இழுத்து எலும்பைச் சேர்த்தார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, சுற்றிலும் மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். ஐந்து நாள் அவிழ்க்கக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார். அதை இரண்டு தரம் சொன்னார்.

"விரலு மரத்துப்போச்சின்னா நேரம் காலம் பாக்காத. ஓடியாந்துடு."

வலியில் எனக்கு அந்த ஐந்து நாள் மட்டும்தான் காதில் விழுந்தது.

சனிக்கிழமை முழுவதும் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. கட்டுக்குள் கை வீங்கிக்கொண்டே போனது. வீக்கத்துக்கு உள்ளே இடம் இல்லை. விரல்கள் மட்டும் வெளியே வாழைப்பிஞ்சு மாதிரி உப்பி நின்றன. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. இந்தக் கை போனால் இவர்களுக்கு என்ன வழி என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. அப்பா மாதிரி கூலிக்குப் போகலாம் என்றாலும் மண்வெட்டி பிடிக்கக் கை வேண்டுமே. குழந்தைகள் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன்.

அன்று நான் செய்தது ஒரே ஜெபம். "ஆண்டவரே, இந்த வலியை எடுத்துப்போடும். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்." எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. சாயங்காலம் எஸ்தர் விளக்கை எடுத்துவந்து பார்த்துவிட்டு, விரல் ஏன் இப்படி இருண்டு கிடக்கிறது என்று கேட்டாள். சாயம் என்று சொன்னேன். வேறு எதுவும் தோன்றவே இல்லை. சாயக்காரன் விரல் இருண்டிருந்தால் அது சாயம்தானே.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வலி நின்றுவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. கண் அசந்து எழுந்து பார்த்தால் கையில் வலி என்பதே இல்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. எஸ்தரை எழுப்பிச் சொன்னேன். முழங்கால் போட்டு நன்றி சொன்னோம். கட்டிய கையோடு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆராதனைக்கு வந்தேன். போதகர் சாட்சி சொல்பவர்கள் உண்டா என்று கேட்டபோது முதல் ஆளாக எழுந்து நின்றேன். நேற்று உயிர் போகிற வலி, இன்று துளி வலி இல்லை, என் தேவன் ஒரே ராத்திரியில் எடுத்துப்போட்டார் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். வெளியே வந்ததும் பலர் என் விரலைப் பிடித்துப் பிடித்து வாழ்த்தினார்கள். அவர்கள் தொட்டது எனக்குத் தெரியவில்லை. அது கூட எனக்கு உறைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்திருந்தோம். பட்டறையில் நான் விட்டுவிட்டு வந்த சோற்றுத் தூக்கைக் கொடுக்க முனுசாமி வந்தான். எஸ்தர் மோர் கொடுத்தாள். நான் அவனுக்கும் காலையில் சொன்ன சாட்சியை முதலிலிருந்து சொன்னேன். வலி போனது நல்லது என்றான். அவன் கண் என் விரலிலேயே இருந்தது.

"இன்னாபா, ஊதா எங்க ஏத்துன?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். சாயம்தான், நகத்தில் நின்றுபோனது என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஊதா ஏற்றி ஒரு மாதம் ஆகிறது, இந்த வாரம் முழுக்க மஞ்சளும் அரக்கும்தானே என்றான். பழைய சாயமாக இருக்கும் என்றேன். அவன் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் இடது கையை எடுத்து வலது கைக்குப் பக்கத்தில் வைத்தான். இடது கை விரல் ஓரமெல்லாம் அரக்கு, நடுவில் மஞ்சள். வலது கை விரல்கள் கத்திரிக்காய் நிறம்.

"ரெண்டு கையும் ஒண்ணாத்தானேபா அண்டாவுல போவுது?"

இத்தனை வருஷமாக நிறம் பார்த்தே சோறு தின்கிறவன் நான். ஒரு பிடி சாயம் கூடினால் கண்ணால் சொல்லிவிடுவேன். என் கையில் இருந்த நிறம் எனக்குத் தெரியவில்லை.

எஸ்தர் தன் வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்தாள். என் நடுவிரல் நுனியில் குத்தினாள். கறுத்த ரத்தம் ஒரு பொட்டு வந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். காலையில் இதே இல்லையைத்தான் நான் சந்தோஷமாகச் சபையில் சொன்னேன். இப்போது அதே வார்த்தை பயமாக இருந்தது. முனுசாமிக்கு அப்போதுதான் வைத்தியர் சொன்னது ஞாபகம் வந்தது. விரல் மரத்தால் ஓடிவரச் சொன்னாரே, நீ கேட்கவில்லையா என்றான்.

இங்கேதான் நான் உங்கள் முன்னால் வெட்கப்பட வேண்டும். உடனே எழுந்து போனேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் எழவில்லை. நாளைக் காலை வரை பார்க்கலாம் என்றேன். ஐந்து நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். விசுவாசத்தோடு காத்திருக்க வேண்டும் என்று கூடச் சொன்னேன். உண்மைக் காரணம் அதெல்லாம் இல்லை. காலையில் அத்தனை பேருக்கு முன்னால் சுகமாகிவிட்டது என்று சொன்னவன், மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய் நின்றால் என்ன ஆகும்? எஸ்தருக்கு அது தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள்.

"காலைல சொன்னது பொய்யாப் பூடும்னு பாக்கறீங்க. கை போயிட்டா அது நெசமாயிடுமா?" என்றாள்.

எழுந்துவிட்டேன்.

வைத்தியர் ஊருக்குப் போக நேரமாகும். ஆஸ்பத்திரி கிட்டே. முனுசாமி சைக்கிள் கேரியரில் என்னை ஏற்றினான். எஸ்தர் சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டு, பெரியவளையும் இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தே வந்தாள். காந்தி ரோட்டில் புடவை எடுக்க வந்த கூட்டம் நெரிந்தது. முனுசாமி மணியடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் நுழைந்து நுழைந்து போனான். பின்னால் உட்கார்ந்து, உணர்ச்சியில்லாத விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை என்றே தோன்றவில்லை.

அன்று வேலையில் இருந்த டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். பார்த்த உடனே சிஸ்டரிடம் கத்தரிக்கோலைக் காட்டினார். சிஸ்டர் துணி, பத்தை, காய்ந்த பற்று எல்லாவற்றையும் தோல் தெரியும் வரை வெட்டிப் பிளந்தார். உள்ளே கை கொப்புளமாக இருந்தது. டாக்டர் என் நகத்தை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுப் பார்த்தார். ஊசியால் தொட்டார். கையை மேலே தூக்கி வைக்கச் சொன்னார்.

பிறகு விவரம் சொன்னார். எலும்பு முறிந்தது பெரிய விஷயம் இல்லை, அது சேரும். கட்டுக்குள் வீங்கி ரத்த ஓட்டம் நின்றுபோவதுதான் ஆபத்து. அப்படி விட்டால் முன்னங்கைச் சதை செத்து, விரல் மடங்கியபடியே கை சூம்பிப்போகும். இப்போது கட்டை எடுத்தாயிற்று. ஒரு மணி நேரம் பார்ப்போம். அதற்குள் உணர்ச்சியும் வலியும் திரும்பினால் நல்லது. இல்லையென்றால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கத்தி வைத்துத் திறந்துவிட வேண்டும், அதற்குப் பிறகும் கை எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்றார். சூம்பின கை என்பதை நான் பிரசங்கத்தில்தான் கேட்டிருக்கிறேன். என் கைக்கு அந்த வார்த்தை வரும் என்று நினைத்ததில்லை.

வராந்தாவில் எஸ்தரும் பெரியவளும் முனுசாமியும். உள்ளே கட்டிலில் நான், கையைத் தலையணை அடுக்கின் மேல் வைத்துக்கொண்டு. எதிரே சுவரில் கடிகாரம். கால் மணி ஆயிற்று, ஒன்றும் இல்லை. நான் ஜெபித்தேன். முந்தின நாள் ஜெபத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். என் பெருமைக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் வாயிலிருந்து வந்த ஜெபத்தை அதற்கு முன் நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"ஆண்டவரே, நான் கேட்டது தப்பு. அந்த வலியைத் திருப்பிக் கொடும்."

அரை மணி ஆயிற்று. கட்டைவிரலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நிஜமா, மனசு ஏமாற்றுகிறதா என்று தெரியவில்லை. பிறகு ஆட்காட்டி விரல். பிறகு கொதிக்கிற அண்டாவுக்குள் கையை விட்ட மாதிரி ஒரு வலி வந்தது பாருங்கள். சனிக்கிழமை வலி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வலிக்கிறது, வலிக்கிறது என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன். வெளியே எஸ்தர் உரத்த குரலில் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றாள். புருஷன் அலறுகிறான், பெண்சாதி நன்றி சொல்கிறாளே என்று சிஸ்டர் திகைத்துப் போய்ப் பார்த்ததாக முனுசாமி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். டாக்டர் வந்து ஊசியால் தொட்டார். கையை இழுத்துக்கொண்டேன். என் நகத்தை அழுத்திவிட்டுக் காட்டினார். வெளுத்த நகம் மெதுவாகச் சிவந்தது.

"நல்லா வலிக்கட்டும்" என்றார். கத்தி வைக்கவில்லை.

நான்கு நாள் வீக்கம் வடியும் வரை அங்கேயே இருந்தேன். பிறகு எக்ஸ்ரே படம் எடுத்து, எலும்பைச் சரிசெய்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். வேண்டாம் என்று நான் ஓடிய அதே ஒன்றரை மாதம். கட்டு போட்ட நாளிலிருந்து விரலை மட்டும் நீட்டி மடக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அவிழ்த்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து ஒரு துணி உருண்டையைப் பிசையச் சொன்னார்கள். முதல் நாள் அந்த உருண்டையைப் பிடிக்கக் கூட முடியவில்லை. பெரியவள் எதிரே உட்கார்ந்து தானும் ஒரு உருண்டையைப் பிசைந்து, அப்பா தோற்றுப்போனார் என்பாள். தை மாதக் கடைசியில் பட்டறைக்குத் திரும்பினேன். முதலாளி முளைகளையெல்லாம் புதிதாக அடித்து வைத்திருந்தார்.

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, போன வாரம் நான் சொன்னது தப்பு, வலி போனது சுகம் இல்லை, கை செத்துக்கொண்டிருந்தது என்று சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. சபை மூப்பர் ஒருவர், எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று வெளியே சொன்னாராம். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. முந்தின ஞாயிறு மத்தியானம் நானும் அதைத்தானே சொன்னேன். போதகர் வீட்டுக்கு வந்து என் விரலைத் தொட்டுப் பார்த்து, தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். "அன்னைக்கே தொட்டுக் கேட்டிருக்கணும்பா, நான் ஜெபம் பண்ணிட்டு வுட்டுட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியது.

வைத்தியரையும் போய்ப் பார்த்தேன். சொன்னேனே என்றார். ஆமாம், சொன்னீர்கள் என்றேன்.

கை முழுக்கப் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் இதுவும் தப்பான சாட்சி ஆகிவிடும். மணிக்கட்டு முக்கால்வாசிதான் மடங்குகிறது. மழைக்காலத்தில் கடுக்கும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல் நுனியில் உணர்ச்சி மந்தம்தான், அண்டாவின் சூடு பார்க்க இப்போது இடது கையைத்தான் விடுகிறேன். ஆனால் முறுக்குகிறேன், பிழிகிறேன், என் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன். நாலு வருஷம் ஆகிறது.

அந்த மத்தியானம் சோற்றுத் தூக்கோடு முனுசாமியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவனிடம் சொன்னால், தூக்கைக் கொடுக்க வந்தேன்பா என்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான், சாப்பிடுவான், போவான். வலியைத் திருப்பிக் கொடுத்தது யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்றைக்கு முன் நான் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம், எனக்குப் பிடித்ததைக் கொடும், பிடிக்காததை எடும் என்பதுதான். இப்போது கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், எந்த ஆளை அனுப்பியிருக்கிறார் என்று.

சபையாரே, நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, வலி நின்றால் நின்ற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது கையோ காலோ முறிந்து கட்டுப் போட்டிருந்தால், ஜெபம் முடித்துவிட்டு அவர்கள் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள், சிவப்பு திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் தினமும் காலையில் என் நகத்தில் அதைச் செய்கிறேன். இதைப் படிக்கும்போதே உங்கள் நகத்தையும் ஒரு தடவை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுக்கும், உடனே சிவக்கும். பதினாறு வயதிலிருந்து சாயம் ஏற்றுகிறேன், அந்தச் சிவப்பை மட்டும் என்னால் ஏற்ற முடிந்ததில்லை.